வீடியோ கேமுக்குக் காசு கொடுக்குமுன்

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் விளாங்குடியையும் பரவையையும் தாண்டினால் சமயநல்லூர். பிளேஸ்டேஷன் டிஸ்க் ஒன்று வேண்டுமென்றால் இங்கிருந்து டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். டவுன் ஹால் ரோட்டிலோ ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள மீனாட்சி பஜாரிலோ விசாரிக்க வேண்டும். ஆனால் இந்த ஊரில் கேமுக்குப் போகும் பணத்தில் பெரும்பகுதி டவுனுக்குப் போவதே இல்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே, செல்போன் வழியாக, ஐம்பதும் நூறுமாகப் போய்விடுகிறது. இந்த அத்தியாயம் அந்தப் பணத்தைப் பற்றியது. கேம் விளையாடுவது நல்லதா கெட்டதா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. சினிமாவையும் கிரிக்கெட்டையும் போல அதுவும் ஒரு பொழுதுபோக்கு. உழைத்துச் சம்பாதிக்கிறவர் அதற்குச் செலவழிப்பதில் குற்றமில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: கொஞ்சம் பொறுத்திருந்து, ஒரே தடவையில் விலை கொடுத்து வாங்கிய கேம்தான் கடைசியில் மலிவாக முடிகிறது, இலவசம் என்று இறக்கிக்கொண்ட கேமில்தான் வீட்டுக் கணக்கு இடிக்கிறது.

இது புதிதாக வந்த நிலைமை. முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்தில் வீடியோ கேம் என்றால் டி.வி.யில் மாட்டும் பெட்டியும் கேசட்டும்தான். மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் வந்த பெட்டிகளில் பிள்ளைகள் மரியோவும் கான்ட்ராவும் விளையாடினார்கள். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது சில கேம்களே. அவற்றையே வேறு வேறு எண் கொடுத்துத் திரும்பத் திரும்ப வரிசையில் வைத்திருப்பார்கள். அதிலும் ஏமாற்று இருந்தது, ஆனால் அது வாங்கிய அன்றோடு முடிந்தது. பெட்டி இல்லாதவர்கள் வீடியோ கேம் கடைக்குப் போய்க் காயின் போட்டு ஆடினார்கள். சட்டைப்பையில் சில்லறை தீர்ந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். 2016-ல் யுபிஐ வந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது, 2018-ல் இலவச கேமான பப்ஜி மொபைல் வந்தது. இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தபோது அந்தக் காயின் கடை அப்படியே செல்போனுக்குள் குடியேறிவிட்டது. ஒரே வித்தியாசம், சில்லறை தீர்வதில்லை. தீர்வது அப்பாவின் வங்கிக் கணக்கு.

இலவச கேம் எப்படிக் காசு வாங்குகிறது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பப்ஜியிலும், அதன் இந்தியப் பதிப்பாக 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐயிலும் சட்டை, துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின், பாராசூட் போன்றவற்றைப் பெரும்பாலும் நேரடியாக ரூபாய் கொடுத்து வாங்க முடியாது. முதலில் ரூபாயை 'யூசி' என்ற கேம் நாணயமாக மாற்ற வேண்டும். யூசி நாம் கேட்கும் அளவில் கிடைக்காது. 60, 325, 660, 1,800 என்று பொட்டலம் பொட்டலமாகத்தான் விற்பார்கள். கேமில் கூடுதல் பரிசுகளைத் திறந்துவிடும் ராயல் பாஸ் 2021-ல் மாதாந்திர முறைக்கு மாறியபோது அதன் விலை 360 யூசி. 325 பொட்டலம் வாங்கினால் 35 குறையும். குறைவதை நிரப்ப 60 பொட்டலம் ஒன்று வாங்கினால் 25 மிஞ்சும். மிஞ்சிய 25-ஐ வைத்து உருப்படியாக எதுவும் வாங்க முடியாது, சும்மா விடவும் மனம் வராது. பெரிய பொட்டலமான 660-ஐ வாங்கினாலோ 300 மிஞ்சும். அடுத்த மாத பாஸுக்கு அது 60 குறைவு. பெரும்பாலும் கணக்கு நேராக முடிவதில்லை. அநேகமாகக் கையில் ஒரு மிச்சம் நிற்கிறது, அந்த மிச்சம் அடுத்த டாப்-அப்புக்குக் காரணமாகிறது. இது தற்செயலாக அமைந்தது என்று நம்ப நான் தயாராக இல்லை. ஃப்ரீ ஃபயரில் டயமண்ட், வேறு கேம்களில் ஜெம், காயின் என்று பெயர் மாறும்; வேலை ஒன்றுதான். 89 ரூபாய் என்று பார்த்தால் கை தயங்கும். 60 யூசி என்று பார்த்தால் அது காசாகவே தோன்றுவதில்லை.

இது என் ஊகம் மட்டுமில்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் டிராசென் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு பேராசிரியர்கள் மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தி 2001-ல் வெளியிட்டார்கள். கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுக்கு ஏலம் கேட்கச் சொன்னார்கள். ஒரு பாதிப் பேர் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும், மறுபாதிப் பேர் கிரெடிட் கார்டில் கொடுக்கலாம். கார்டில் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள், அதே டிக்கெட்டுக்கு ரொக்கக்காரர்களைப் போல இரண்டு மடங்கு வரை கேட்டார்கள். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது ஏற்படும் வலி, கார்டைத் தேய்க்கும்போது மழுங்கிவிடுகிறது. கார்டுக்கே இப்படியென்றால், முதலில் யுபிஐ வழியாகப் போய், பின்பு யூசியாக மாறி, அதற்கும் பின்பு ஒரு சட்டையாக மாறும் பணத்தில் எவ்வளவு வலி மிஞ்சும்? அந்த வலி வேண்டாத ஒன்றில்லை. நம்மைக் காப்பாற்றும் முதல் வேலி அதுதான். ஆகவே இந்த அத்தியாயத்தில் வரும் யோசனைகளில் பாதி, போன வலியைத் திரும்பக் கொண்டுவருவதற்கான வழிகளே.

"ஒரு டாப்-அப் என்ன பெரிய தொகை, இரண்டு பேர் டீ, வடை சாப்பிட்டாலே அவ்வளவு ஆகிறதே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் டீக்கு வயிறு ஒரு அளவு வைத்திருக்கிறது, டாப்-அப்புக்கு அப்படி ஒன்று கிடையாது. வாரம் மூன்று முறை 89 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 13,884 ரூபாய். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கும் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. பள்ளிக் கட்டணத்தில் ஒரு தவணை, அல்லது தீபாவளித் துணிமணி. எல்லை மீறிப் போனால் என்னாகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2020 ஜூலையில் பஞ்சாபின் கரார் பகுதியில் 17 வயதுப் பையன் ஒருவன் பெற்றோரின் கணக்குகளிலிருந்து பப்ஜிக்காகச் சுமார் 16 லட்சம் ரூபாய் செலவழித்த செய்தி நாடெங்கும் வந்தது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளை அவன் அழித்துவிட்டதால் வீட்டாருக்கு வெகுநாள் தெரியவில்லை. அவ்வளவு பெரிய தொகை எல்லா வீட்டிலும் போகாது; ஆனால் பத்தாயிரமானாலும் பத்து லட்சமானாலும் போகிற வழி ஒன்றுதான், சிறுகச் சிறுக.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. "நான் பிஜிஎம்ஐயை ஆண்டுக்கு 500 மணி நேரம் விளையாடுகிறேன். 13,884 ரூபாயை வகுத்தால் மணிக்கு 28 ரூபாய்கூட இல்லை. இதைவிட மலிவான பொழுதுபோக்கு எது?" கணக்கு சரி, வகுத்த எண்தான் தவறு. அந்த 500 மணி நேரத்தையும் ஒரு பைசா கொடுக்காமலே விளையாடியிருக்கலாம், கேம் இலவசம்தானே. 13,884 ரூபாய் வாங்கிக் கொடுத்தது நேரத்தை இல்லை, திரையில் ஓடும் பொம்மைக்கு உடுப்பை. உடுப்பு மாற்றியதால் குறி தவறாமல் சுட முடிவதில்லை. (ஃப்ரீ ஃபயரில் சில துப்பாக்கி ஸ்கின்கள் ஆட்டத்தின் வலுவையே மாற்றுகின்றன. அங்கே நிலைமை இன்னும் மோசம். காசு கொடுக்காதவன் தோற்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட கேமை விட்டு விலகுவதே நல்லது என்பது என் கருத்து.) நண்பர்கள் நடுவில் நல்ல உடுப்போடு நிற்க வேண்டும் என்ற ஆசையை நான் இளப்பமாகப் பார்க்கவில்லை. திருவிழாவுக்குப் புதுச்சட்டை கேட்கும் அதே மனசுதான். ஆனால் சட்டை வீட்டுக்கு வருகிறது, இந்த உடுப்பு வருவதில்லை.

வருவதில்லை என்பதை இந்தியாவில் விளையாடியவர்கள் மூன்று முறை கண்டார்கள். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. அக்டோபர் 30-ல் இந்தியர்களுக்கான பப்ஜி சேவை நின்றது. 2022 பிப்ரவரியில் தடையான 54 செயலிகளில் ஃப்ரீ ஃபயரும் ஒன்று. அதே ஆண்டு ஜூலை இறுதியில் பிஜிஎம்ஐ பிளே ஸ்டோரிலிருந்தும் ஆப் ஸ்டோரிலிருந்தும் நீக்கப்பட்டு, 2023 மே மாதக் கடைசியில்தான் திரும்பி வந்தது. பப்ஜியில் வாங்கியவற்றைப் பிஜிஎம்ஐக்கு மாற்றிக்கொள்ளப் பின்னால் வழி விட்டார்கள், உண்மை. ஆனால் அதை முடிவு செய்தது கம்பெனி. காசு கொடுத்தவர் காத்திருக்க மட்டுமே முடிந்தது. விலை கொடுத்து வாங்கிய கேமுக்கும் இந்த ஆபத்து முழுவதுமாக இல்லாமல் போகாது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' கார் பந்தய கேம், சர்வரை மூடிய காரணத்தால் 2024 மார்ச் 31-க்குப் பிறகு விலை கொடுத்தவர்களுக்கும் ஓடவில்லை. கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையும் 2024 அக்டோபரிலிருந்து, நீங்கள் வாங்குவது பயன்படுத்தும் உரிமத்தைத்தான் என்று பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. எனவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இணையம் இல்லாமல் இந்த கேம் ஓடுமா? ஓடும் என்றால் அதற்குக் கொடுக்கும் காசுக்கு ஓரளவு உத்தரவாதம் உண்டு. ஓடாது என்றால் அதை வாடகையாக நினைத்துக்கொண்டு, வாடகைக்குத் தகுந்த காசை மட்டும் கொடுங்கள்.

இனி பொறுத்திருப்பதன் லாபம். 2020 டிசம்பர் 10 அன்று 'சைபர்பங்க் 2077' வெளியானது. ஸ்டீமில் 2,999 ரூபாய். பழைய பிளேஸ்டேஷன் 4-ல் அது இடறி இடறி ஓடியது. குறைகள் மலிந்து கிடந்ததால் சோனி ஒரே வாரத்தில் அதைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. அடுத்தடுத்து வந்த திருத்தங்களால், குறிப்பாக 2023 செப்டம்பரில் வந்த 2.0 திருத்தத்தால், அது வேறொரு கேமாகவே மாறியது. அப்போது தள்ளுபடியில் பாதி விலைக்கு வாங்கியவருக்குக் கிடைத்த கேம், முதல் நாளில் முழு விலை கொடுத்தவருக்குக் கிடைத்ததைவிட நல்ல கேம். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கணினிக்கு 2019-ல் 3,199 ரூபாய்க்கு வந்து, பின்னர் தள்ளுபடிக் காலங்களில் 1,055 ரூபாய்க்கு இறங்கியது. கதையை முடிக்க ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகும். முதல் நாள் வாங்கியவருக்கு மணிக்கு 64 ரூபாய், பொறுத்தவருக்கு 21 ரூபாய். 'ஜிடிஏ 5'ஐ எபிக் இணையக் கடை 2020 மே மாதத்தில் இலவசமாகவே கொடுத்தது. காய்கறி பழசானால் வாடும். கேம் பழசானால் விலை குறைந்து, குறையும் திருத்தப்பட்டு வருகிறது. வேறு எந்தப் பொருளிலும் இவ்வளவு சாதகம் நுகர்வோர் பக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"எல்லோரும் இப்போது விளையாடும்போது நான் மட்டும் இரண்டு வருடம் கழித்துத் தனியாக விளையாடுவதா?" என்பது இதற்கு எதிரான வாதம். நண்பர்களோடு சேர்ந்து ஆடும் கேமைப் பொறுத்தவரை இது சரியான வாதம். அங்கே காலம் கடத்தினால் கூட்டம் கலைந்துவிடும். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் கூட்டாக ஆடும் கேம்கள் பெரும்பாலும் இறக்கிக்கொள்ள இலவசமானவை. அவற்றைக் கூட்டத்தோடு இப்போதே ஆடுங்கள், காசு கொடுக்காமல் ஆடுங்கள். கதையோடு கூடிய, தனியாக ஆடும் கேமுக்கு மட்டும் காசு கொடுங்கள், அதைப் பொறுத்திருந்து கொடுங்கள். இப்படிப் பிரித்துக்கொண்டால் நட்பும் போகாது, பணமும் போகாது.

பொறுப்பவர்களுக்கும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. தள்ளுபடி வந்ததும் 150 ரூபாய்க்கு ஒன்று, 200 ரூபாய்க்கு ஒன்று என்று அள்ளிப் போட்டுக்கொள்வது. ஸ்டீம் 2015-லிருந்து விலையை ரூபாயில் காட்டுகிறது. அதனால் கோடைத் தள்ளுபடியும் டிசம்பர்த் தள்ளுபடியும் நம் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. ஆர்ஸ் டெக்னிகா இதழ் 2014-ல் ஸ்டீம் கணக்குகளை ஆராய்ந்தபோது, வாங்கி வைத்த கேம்களில் ஏறக்குறைய 37 சதவீதம் ஒரு முறைகூடத் திறக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. திறக்காத கேமுக்கு 90 சதவீதத் தள்ளுபடி கிடைத்திருந்தாலும் மீதிப் 10 சதவீதம் தண்டம்தான். ஆகவே ஒரே ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளலாம்: கையில் உள்ளதை முடிக்காமல், அல்லது இனி வேண்டாம் என்று தெளிவாக விடாமல், அடுத்ததை வாங்குவதில்லை. பிடிக்கவில்லை என்றால் ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். வாங்கிய அன்றே ஒரு மணி நேரமாவது ஆடிப் பாருங்கள். தள்ளிப் போட்டால் அந்த உரிமை காலாவதியாகிவிடும்.

"கம்ப்யூட்டர் இருக்கிற வீட்டுக்குச் சொல்கிறீர்கள், எங்கள் வீட்டில் இருப்பது ஒரு போன்" என்று கேட்பவருக்குத்தான் இந்த அத்தியாயம் அதிகம் தேவை. போனிலும் ஒரே தடவை விலை கொடுத்து வாங்கும் கேம்கள் இருக்கின்றன. மைன்கிராஃப்ட், ஸ்டார்டியூ வேலி, டெராரியா, மானுமென்ட் வேலி எல்லாம் சில நூறு ரூபாயில் கிடைக்கும். விவசாயம் செய்யும் ஸ்டார்டியூ வேலி ஒன்றை மட்டும் மாதக்கணக்கில் ஆடலாம். விளம்பரம் கிடையாது, டாப்-அப் கிடையாது. கூகுள் பிளே பாஸ் 2022-ல் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 99 ரூபாய், ஆண்டுக்கு 889 ரூபாய். நூற்றுக்கணக்கான செயலிகளை விளம்பரமும் உள்விற்பனையும் இல்லாமல் தருகிறது. வீட்டில் ஏற்கெனவே நெட்ஃபிளிக்ஸ் சந்தா கட்டுகிறீர்கள் என்றால் அதற்குள்ளேயே கேம்கள் இருக்கின்றன, தனிக் காசு இல்லை. 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் ஒரு மூலையில் கிடந்தால், அதைத் தட்டி எழுப்ப முடியுமா என்றும் பாருங்கள். புது கேம் அதில் ஓடாது. இருபது வருடத்துக்கு முந்தைய நல்ல கேம்கள் ஓடும், அவை தள்ளுபடியில் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்கு வருகின்றன. திருட்டுப் பிரதியை இறக்கிக்கொள்ளலாமே என்ற யோசனைக்கு நான் உடன்படமாட்டேன். உழைத்தவனுக்குக் கூலி போகவில்லை என்பது ஒரு காரணம். ஜிபேயும் வங்கிச் செயலியும் இருக்கும் அதே கருவியில், யார் என்ன சேர்த்து வைத்தார்கள் என்று தெரியாத கோப்பைத் திறப்பது இன்னொரு காரணம்.

பெட்டி வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று வந்தபோது டிஸ்க் போடும் பெட்டி 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாத டிஜிட்டல் பெட்டி 39,990 ரூபாய். விலை பின்னர் ஏறியது. பார்த்தவுடன் பத்தாயிரம் மிச்சம் என்று டிஜிட்டல் பெட்டியை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். சோனியின் புது கேம் ஒன்று 4,999 ரூபாய் என்று வந்தது. டிஸ்க்காக வாங்கினால் ஆடி முடித்து விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். 4,999-க்கு வாங்கியதை 3,000-க்கு விற்க முடிந்தால் அந்த கேமின் உண்மையான செலவு 1,999. இப்படி நாலைந்து கேம்களிலேயே பத்தாயிரம் ஈடுகட்டப்பட்டுவிடும். டிஜிட்டல் பெட்டிக்காரருக்கு ஒரே கடைதான், அங்கே சொல்வதுதான் விலை. பழைய டிஸ்க் வாங்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து ஆழமான கீறல் இல்லை என்று உறுதி செய்யுங்கள். முடிந்தால் கடையிலேயே போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கின் உறைக்குள் வரும் 'கோடு' அட்டை ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கும், அதற்குக் காசு கொடுக்காதீர்கள். இணையத்தில் கூட்டாக ஆட, இலவச கேம்கள் தவிர மற்றவற்றுக்குப் பிஎஸ் பிளஸ் சந்தா வேண்டும் என்பதையும் பெட்டியின் விலையோடு சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தவணையில் வாங்கலாமா? வட்டியில்லாத் தவணை என்ற பலகையை நம்ப வேண்டாம். பூஜ்ய வட்டி என்று உண்மையில் ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி செயல்முறைக் கட்டணமாகவோ, கைவிட்டுப் போன தள்ளுபடியாகவோ ஒளிந்திருக்கும். நம் ஊர்ப் பெண்களுக்கு இதைவிட நல்ல முறை ஒன்று பல தலைமுறையாகத் தெரியும். தீபாவளிச் சீட்டு. வாரா வாரம் கட்டி, பண்டிகைக்கு முன் மொத்தமாக எடுப்பது. கேமுக்கும் அதே முறை பொருந்தும். வீட்டுக்குக் கொடுப்பது, சேமிப்பு, கடன் எல்லாம் போகக் கையில் நிற்பதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கேமுக்கு வேண்டாம் என்பது என் கணிப்பு. அந்தப் பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். தொகை சேர்ந்த பிறகு எதை வாங்குவது என்று யோசியுங்கள். பெட்டிக்குச் சேர்க்கப் பல மாதம் ஆகும். அதற்குள் ஆசை அடங்கிவிட்டால் காசு மிச்சம். அடங்காமல் நின்றால் அது உண்மையான விருப்பம், தயங்காமல் வாங்கலாம்.

இவ்வளவும் தனி மனிதரின் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொன்னேன். ஆனால் பழியை முழுவதும் வாங்குகிறவர் தலையில் போடுவது அநியாயம். ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் நிறுவனத்தின் மீது, குழப்பமான பொத்தான் அமைப்பால் வேண்டாதவற்றை வாங்க வைத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022 டிசம்பரில் அந்த நிறுவனம் 24.5 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைப் பெல்ஜியம் 2018-லேயே சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் 13 வகை மறைமுகத் தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. 'இன்னும் பத்து நிமிடம்தான்' என்ற போலி அவசரமும், வெளியே வர முடியாத சந்தா வலையும் அதில் அடக்கம். பணம் வைத்து ஆடும் விளையாட்டுகள் வேறு கதை. தமிழக அரசு அவற்றுக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் இணையப் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் பிள்ளைகளின் கேமுக்குள் சுழலும் அதிர்ஷ்டச் சக்கரம் பணத்தைத் திருப்பித் தருவதில்லை என்பதால் அந்த வரையறைக்குள் வராமல் நிற்கிறது. சட்டம் அதையும் பிடிக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அதுவரை அந்தச் சக்கரத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வேண்டிய பொருள் எத்தனை சுற்றில் விழும் என்று கடைக்காரனுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

கம்பெனிகள் தாமாக வைக்கும் வரம்பையும் நம்பி இருக்க முடியாது. பிஜிஎம்ஐ தொடங்கியபோது 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம், 7,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஏழாயிரம்! சமயநல்லூரில் எத்தனை வீடுகளுக்கு அது வரம்பாக இருக்கும்? ஆகவே வேலியை நாமேதான் போட வேண்டும். பிள்ளை கையில் போகும் போனில் பிளே ஸ்டோர் அமைப்புக்குள் போய், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள். அந்தக் கணக்கில் கார்டு, யுபிஐ எதையும் சேர்த்து வைக்காதீர்கள். பின் எண் கேட்காமல் சிறு தொகையைக் கழிக்கும் யுபிஐ லைட்டை அந்த போனில் வைக்கவே வேண்டாம். அதற்குப் பதிலாக மாதம் ஒரு முறை, ஒத்துக்கொண்ட தொகைக்குக் கூகுள் பிளே கிஃப்ட் கோடு ஒன்று வாங்கிப் போடுங்கள். தீர்ந்தால் அடுத்த மாதம்தான். காயின் கடையில் சில்லறை தீர்ந்த அந்தப் பழைய கட்டுப்பாடு இப்படித் திரும்பி வரும். யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலை மாதம் ஒரு முறை பாருங்கள். சந்தா கழிவதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். தவறி வாங்கப்பட்டது தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் பிளே ஸ்டோரிலேயே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. அதைச் சுட்டிக்காட்டி எழுதலாம், ஆனால் பணம் தானாகத் திரும்பிவிடும் என்று எண்ண வேண்டாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் பாதி விலைக்கு யூசி, டயமண்ட் தருகிறேன் என்று வருபவர்களிடம் காசைப் பறிகொடுத்தால் உடனே அழைக்க வேண்டியது இணையக் குற்ற உதவி எண் 1930.

முதல் வேலையை இன்று இரவே தொடங்கலாம். பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, பணம் செலுத்துதலும் சந்தாவும் என்ற பகுதிக்குள் போனால் இதுவரை வாங்கிய எல்லாம் தேதியோடு வரிசையாக இருக்கும். கடந்த பன்னிரண்டு மாதத்தை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டுங்கள். பிள்ளை விளையாடுகிறான் என்றால் அவனையே பக்கத்தில் உட்கார வைத்து, அவன் கையாலேயே கூட்டச் சொல்லுங்கள். கூட்டி முடிக்கும்வரை திட்டாதீர்கள். அந்தத் தொகையை அவனும் நீங்களும் சேர்ந்து பார்த்த பிறகு, அடுத்த மாதத்துக்கு எவ்வளவு என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.